நான்காவது முறை பிறந்த நட்சத்திரம்: ஒரே படத்துக்கு ஏன் இத்தனை தீர்ப்பு?

லேடி காகாவும் பிராட்லி கூப்பரும் நடித்து 2018-ல் வந்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தைப் பற்றி நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். அழுதுவிட்டுத்தான் எழுந்தேன் என்பார் ஒருவர். முதல் ஒரு மணி நேரத்தோடு அணைத்திருக்கலாம் என்பார் இன்னொருவர். பாட்டுக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கிறவர் உண்டு. பழைய படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று கோபப்படுகிறவரும் உண்டு. ஹாலிவுட் என்றால் அடிதடியும் பிரம்மாண்டமும்தான் என்று பழகிய மதுரைப் பக்கத்து ரசிகர், ஓடிடி புண்ணியத்தில் இப்படி ஒரு காதல் படத்தைத் தாமதமாகப் பார்க்க உட்காரும்போது, யார் சொல்வதை நம்புவது என்று முழிப்பதில் ஆச்சரியமில்லை.

அவரவர் ரசனை என்று ஒரே வார்த்தையில் இதை முடித்துவிடலாம். முடித்தால் ஒன்றும் விளங்காது. மூன்று தனித்தனிச் சண்டைகள் இங்கே ஒரே சாக்கில் கிடக்கின்றன: ரீமேக் தேவையா என்பது ஒன்று, பாடகி நடிக்கலாமா என்பது ஒன்று, படத்தின் பின்பாதி சரியா என்பது ஒன்று. முதல் இரண்டும் மதுரைக்காரர்களுக்கு ரொம்பவே பழக்கமானவை. மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கும் என்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கதை ஒன்று, படம் நான்கு

குடியில் மூழ்கிக்கொண்டிருக்கும் பெயர் பெற்ற கலைஞன் ஒருவன், யாருக்கும் தெரியாத ஒரு பெண்ணின் திறமையைக் கண்டுபிடிக்கிறான். காதல், கல்யாணம். அவள் ஏறுகிறாள், அவன் இறங்குகிறான். கடைசியில், அவளுக்குத் தான் ஒரு பாரம் என்று முடிவுகட்டி உயிரை விடுகிறான். நான்கு படங்களுக்கும் எலும்புக்கூடு இதுதான். சதைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1. 1937: ஜேனட் கேனரும் ஃப்ரெட்ரிக் மார்ச்சும் நடிக்க, வில்லியம் வெல்மன் இயக்கியது. கதையில் இருவருமே சினிமா நடிகர்கள். பாட்டுப் படம் கிடையாது.

2. 1954: ஜூடி கார்லண்ட், ஜேம்ஸ் மேசன். இயக்கம் ஜார்ஜ் க்யூக்கர். பாடத் தெரிந்த நாயகி வந்ததும் கதைக்குள் பாட்டும் வந்துவிட்டது. மூன்று மணி நேரப் படத்தை, வெளியான பிறகு ஸ்டுடியோவே அரை மணி நேரம் போல வெட்டியது. வெட்டியதில் கிடைத்ததைத் தேடிச் சேர்த்து 1983-ல் மறுபடி திரையிட்டார்கள்.

3. 1976: பார்பரா ஸ்ட்ரைசாண்ட், கிறிஸ் கிறிஸ்டோஃபர்சன். சினிமா உலகம் போய் ராக் கச்சேரி உலகம் வந்தது. இதில் வரும் 'எவர்கிரீன்' பாட்டுக்கு ஸ்ட்ரைசாண்டே மெட்டமைத்தார். அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்.

4. 2018: கூப்பரின் முதல் இயக்கம், நாயகனும் அவரே. நாயகி லேடி காகா.

1937 படமாவது சுத்த ஒரிஜினலா என்றால், அதுவும் 1932-ல் க்யூக்கர் எடுத்த 'வாட் பிரைஸ் ஹாலிவுட்?' படத்தின் சாயலில் இருக்கிறது என்ற பேச்சு உண்டு. ஆக, "ஒரிஜினல் மாதிரி இல்லை" என்று ஒருவர் சொன்னால், எந்த ஒரிஜினல் என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் எதை முதலில் பார்த்தாரோ அதுதான்.

ஒரு வித்தியாசத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நம் ஊரில் ரீமேக் என்றால் பெரும்பாலும் மொழி மாறும். மதுரையில் நடக்கும் கதையான 'காதல்' (2004) கன்னடத்துக்கும் வங்காளத்துக்கும் போனது அப்படித்தான். பெங்களூரில் அதைப் பார்த்தவர்களில் பலர் மூலப்படத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒப்பிட அவர்களிடம் எதுவும் இல்லை. இந்த ஹாலிவுட் படத்தில் மொழியும் மாறவில்லை, நாடும் மாறவில்லை. காலம் மட்டும் மாறியிருக்கிறது. பாட்டி பார்த்தது ஒன்று, அம்மா பார்த்தது ஒன்று, பேத்தி பார்ப்பது ஒன்று என்று எல்லாரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து வாதாட முடியும். அமெரிக்காவில் சண்டை இவ்வளவு கூடியதற்கு இது ஒரு காரணம்.

வள்ளி திருமணம் பார்க்கிறவருக்கு ரீமேக் புதிதா?

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழாவுக்கு இன்றும் ஸ்பெஷல் நாடகம் வைக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் ராத்திரி பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடிய விடிய நடக்கும். நாயகன் வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், கோமாளியான பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. கதை எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம் என்பதால்தான் இது சாத்தியமாகிறது.

முருகன் வள்ளியைக் கட்டுவானா மாட்டானா என்று தெரிந்துகொள்ள யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்காருவதில்லை. நாரதர் தர்க்கத்துக்கு இழுக்கும்போது இந்த வள்ளி எப்படி மடக்குகிறாள், ராஜபார்ட்டின் தொண்டை விடியும் வரை தாங்குகிறதா, பபூன் யாரை வம்புக்கு இழுக்கிறான் என்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். போன வருடத்து வள்ளி எப்படிப் பாடினாள் என்பது முன்வரிசைப் பெரியவருக்கு நினைவிருக்கும். அவர் காலையில் சொல்லும் தீர்ப்பும், முதல் தடவை பார்த்த பேரன் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

இதே வேலைதான் இந்தப் படத்திலும் நடக்கிறது. நான்கு படங்களிலும் தவறாமல் வரும் கட்டங்கள் உண்டு. அதில் முக்கியமானது விருது மேடை. 1937, 1954 படங்களில் மனைவி ஆஸ்கர் வாங்கும் மேடைக்குக் கணவன் குடித்துவிட்டு வருகிறான்; பேச்சு வேகத்தில் வீசிய கை அவள் மீதே பட்டுவிடுகிறது. 2018-ல் அது கிராமி விருது மேடை. அவள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவன் நிலைதெரியாமல் கால்சட்டையை நனைத்துக்கொள்கிறான். பழைய படம் தெரிந்தவர், விருது மேடை வந்ததுமே என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருக்கிறார்; நடந்ததை அளந்து பார்த்து, போன தடவையைவிடக் கூடவா குறைவா என்று முடிவு சொல்கிறார். தெரியாதவருக்கு வயிற்றில் ஒரு குத்து விழுகிறது. இரண்டு பேரும் ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள்.

எனவே "எதற்கு நான்காவது தடவை" என்ற கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பதாவது தடவை போட்டாலும் கூட்டம் வரும் கதைகள் நம்மிடமே இருக்கின்றன.

பாடகி நடிக்கும்போது காது முந்திக்கொள்கிறது

இரண்டாவது சண்டைக்குப் போகும் முன் ஒரு தகவல். 'எ ஸ்டார் இஸ் பார்ன்' முதலில் வந்த அதே 1937-ல், மதுரையின் ராயல் டாக்கீஸ் நிறுவனம் 'சிந்தாமணி' என்ற படத்தைத் தந்தது. நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர், நாயகி அஸ்வத்தம்மா, பாட்டுகள் பாபநாசம் சிவன், இயக்கம் ஒய்.வி. ராவ். ஒரு தாசியின் மேல் பித்தாகித் திரியும் ஒருவன் கடைசியில் கண்ணன் பக்தனாகிறான். அந்தக் கதையும் அப்போதே ஏற்கெனவே படமாகியிருந்த பழைய கதைதான். ஓட்டமோ வருடக் கணக்கில். வந்த லாபத்தில் மதுரையில் கட்டிய தியேட்டருக்குச் சிந்தாமணி டாக்கீஸ் என்றே பெயர் வைத்தார்கள். பாகவதர் நன்றாக நடித்தாரா என்று அன்றைக்கு யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. 'ராதே உனக்குக் கோபம் ஆகாதடி' என்று அவர் தொடங்கினால் போதும்.

அந்தக் காலத்தில் பாடகர், நடிகர் என்று இரண்டு ஆள் கிடையாது. சோழவந்தான் பக்கத்துத் தென்கரையிலிருந்து போன டி.ஆர். மகாலிங்கமும் பாடியே நாயகனானவர். பின்னணிப் பாடல் வழக்கமானதும் குரல் ஒருவருக்கு, முகம் இன்னொருவருக்கு என்று பாகப்பிரிவினை நடந்தது. மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜன் எத்தனையோ முகங்களுக்குக் குரல் கொடுத்தார். அவரே 'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964) படங்களில் முகம் காட்டியபோது அது தனிச் செய்தியாக இருந்தது. அப்புறம் 1990-ல் 'கேளடி கண்மணி'யில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நாயகனானபோதும் அப்படித்தான்.

பின்னணிப் பாடல் என்ற இந்த ஏற்பாடு நம் காதுகளை எப்படிப் பழக்கியிருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. கூப்பர் படம் அமெரிக்காவில் வெளியானது 2018 அக்டோபர் 5. அதற்கு முந்தைய நாள் தமிழில் '96' வெளியானது. கரண்ட் போன இருட்டில் ஜானு 'யமுனை ஆற்றிலே' பாடும் இடம்தான் அந்தப் படத்தின் உயிர். வாய் த்ரிஷாவுடையது, குரல் சின்மயியுடையது. இது ஏமாற்று என்று தமிழ்நாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது, நமக்கு அது ஒப்புக்கொண்ட விஷயம்.

லேடி காகா படத்தில் ஒப்பந்தம் வேறு. வாயசைப்பு வேண்டாம், பாட்டுகளைப் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதற்காகக் கூப்பரும் பாட்டும் கிதாரும் கற்றுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசப் பயிற்சி எடுத்தார். உண்மையான இசை விழா மேடைகளிலேயே சில காட்சிகளை எடுத்தார்கள். "இது நிஜக் குரல்" என்பதே படத்தின் விற்பனைச் சொல் ஆனது.

இதனால் பார்வையாளர்கள் வந்த வழியே பிரிந்துவிட்டது.

1. பாட்டுக்காக வந்தவர்கள். 'ஷாலோ' பாடும் காட்சி அவர்களுக்குப் போதும். முன்பின் பெரிய மேடை ஏறாத பெண், கூட்டத்தின் முன்னால் தயங்கித் தயங்கி வந்து வாய் திறக்கும் அந்த சில நிமிடங்களிலேயே டிக்கெட் காசு வசூல்.

2. நடிப்புக்காக வந்தவர்கள். 2010-ல் இறைச்சியால் தைத்த உடையில் விருது விழாவுக்கு வந்தவரை, ஒப்பனையில்லாத முகத்தோடு ஹோட்டல் சர்வராக நம்ப முடிகிறதா என்று பார்க்க வந்தார்கள். அவர் நடிப்புக்குப் புதியவர் என்று பலர் எழுதினாலும், 2016-லேயே தொலைக்காட்சித் தொடருக்காக கோல்டன் குளோப் வாங்கியவர்.

3. அவருடைய பழைய ரசிகர்கள். இவர்கள் பாடுதான் சிக்கல். ஏன் என்று பின்னால் வருகிறது.

மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

இந்தப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிடலாம், ஆனால் தாண்டிப் போக முடியாது. ஏனென்றால் பாதிக் குழப்பம் இந்த எண்களால் வருகிறது.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம், படம் வெளியாகும் நாளில் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் கிரேடு வாங்கும். இந்தப் படத்துக்கு 'ஏ' கிடைத்தது. முதல் நாளே வருகிறவர் யார்? ஏற்கெனவே ஆசையோடு இருந்தவர். மாட்டுத்தாவணியில் இறங்கிய கையோடு முதல் காட்சிக்கு ஓடுகிறவரிடம் படம் எப்படி என்று கேட்பது போலத்தான் இது.

ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் விமர்சகர் சதவீதம் சுமார் 90. அது நூற்றுக்குத் தொண்ணூறு மார்க் இல்லை. பத்து விமர்சகர்களில் ஒன்பது பேர் "பார்க்கலாம்" என்றார்கள் என்றுதான் பொருள். ஒன்பது பேரும் சுமாராகப் பாராட்டியிருந்தாலும் இதே எண்தான் வரும். பொதுப் பார்வையாளர் சதவீதம் அங்கே அதைவிடப் பத்துப் புள்ளி அளவுக்குக் குறைவு. வசூல் உலகம் முழுவதும் 43 கோடி டாலரைத் தாண்டியது. செலவு 4 கோடி டாலருக்குள்தான். ஆஸ்கரில் 8 பரிந்துரை, கிடைத்தது ஒன்று, அதுவும் 'ஷாலோ' பாட்டுக்கு. அதாவது ஆஸ்கர் வாக்காளர்களே பாட்டை ஒரு தராசிலும் படத்தை இன்னொரு தராசிலும் வைத்தார்கள்.

உண்மையான சண்டை பின்பாதியில்

படத்தைத் திட்டுகிறவர்களை உட்கார வைத்துக் கேட்டால், அநேகமாக எல்லாரும் முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடுவார்கள். திட்டு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. என் கணக்கில் அதில் மூன்று வாதங்கள் நிற்கின்றன.

1. பாப் இசை போலி என்று படம் சொல்கிறதா?

நாயகி ஆலி பிரபலமாகிறாள். முடிக்கு ஆரஞ்சு நிறம் ஏறுகிறது, பின்னால் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், பாட்டில் பின்னழகு பற்றிய வரிகள் வருகின்றன. கிதார் பிடித்த கணவன் முகம் சுளிக்கிறான், பிறகு வாய்விட்டே கேவலப்படுத்துகிறான். அவனுடைய ராக் பாட்டு நிஜம், அவளுடைய பாப் பாட்டு வேஷம் என்று படமும் அவனோடு சேர்ந்து சொல்கிறதா, அல்லது அது குடிகாரக் கணவனின் பொறாமை மட்டுமா? படம் தெளிவாகச் சொல்வதில்லை. அந்தப் பாட்டு வேண்டுமென்றே மோசமாகப் போடப்பட்டதா என்று ரசிகர்கள் பட்டிமன்றமே நடத்தினார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான டயேன் வாரன், மோசமாக எழுத வேண்டும் என்று தான் எழுதவில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

லேடி காகாவின் பழைய ரசிகர்களுக்கு இது ஏன் உறுத்துகிறது என்பது இப்போது புரியும். விக், வேஷம், ஆட்டம் எல்லாவற்றையும் வைத்தே பெரிய கலைஞரானவர் அவர். அவரையே கூட்டி வந்து, "மேக்கப்பைத் துடைத்தால்தான் நீ நிஜம்" என்று சொல்லும் கதையில் நடிக்க வைத்தால் எப்படி இருக்கும்? கோயில் திருவிழாவில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் மனு போகும் ஊர் இது. எந்த ஆட்டம் கலை, எந்த ஆட்டம் வெறும் ஆட்டம் என்ற வழக்கு நமக்கும் தெரியும். எந்தப் பக்கம் நின்றாலும், படம் தன் பக்கத்தைச் சொல்லாமல் நழுவுகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. நழுவுவதே அதன் அழகு என்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2. யாருடைய கதை?

தலைப்பில் பிறப்பது ஒரு நட்சத்திரம். படம் கூடவே போவது அணைந்துகொண்டிருக்கும் நட்சத்திரத்தோடு. அவனுடைய அண்ணன், அப்பா, காது இரைச்சல், குடி எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. அவள் எப்படிப் பாப் பாடகியானாள், அது அவளுக்குப் பிடித்ததா என்பது வேகமாக ஓடிவிடுகிறது. இயக்குநரே நாயகனாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று கிண்டல் செய்கிறவர்களை ஒதுக்கிவிட முடியாது. நம் ஊர்ப் படங்களிலும் இந்த நோய் உண்டு.

இதில் பலர் கவனிக்காத மாற்றம் ஒன்று இருக்கிறது. 1937, 1954 படங்களில், கணவனைக் கவனிக்கத் தன் தொழிலையே விடப்போவதாக மனைவி தயாரிப்பாளரிடம் சொல்வதை அவன் தற்செயலாகக் கேட்டுவிடுகிறான். அவள் வாயிலிருந்து வந்த சொல்தான் அவனைத் தள்ளுகிறது. 2018-ல் அவளுடைய மேனேஜர் தனியாக வந்து, உன்னால்தான் அவள் கெடுகிறாள் என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அவளுக்கு அந்தப் பேச்சு நடந்ததே தெரியாது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய திருப்பத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. புதிய காலத்துக்கு ஏற்ப மாற்றினோம் என்றவர்கள், இந்த ஓர் இடத்தில் பழைய படங்களைவிடப் பின்னால் போயிருக்கிறார்கள்.

3. சாவைக் காதலாகக் காட்டலாமா?

முதல் இரண்டு படங்களில் அவன் கடலுக்குள் போகிறான், மூன்றாவதில் காரை வெறித்தனமாக ஓட்டுகிறான். நான்காவதில் தற்கொலை என்பதில் எந்த மறைப்பும் இல்லை. நியூசிலாந்தில் படம் பார்த்த சிலர் இதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகப் புகார் வந்ததும், அங்கே உள்ள தணிக்கை அலுவலகம் 'தற்கொலை' என்ற எச்சரிக்கைச் சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தது. குடியையும் மனச்சோர்வையும் நோயாகக் காட்டுகிறது என்று பாராட்டியவர்கள் ஒரு பக்கம்; மனைவிக்காகச் செய்த தியாகம் போல ஆக்கிவிட்டது என்றவர்கள் மறுபக்கம். படத்தில் இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது. தன்னால் நடந்தது என்று உடைந்துபோகும் ஆலியிடம், இதில் உன் தவறு எதுவும் இல்லை என்று மைத்துனர் சொல்லும் காட்சி முதல் கட்சிக்குச் சாதகம். அடுத்து உடனே எழும்பும் பாட்டு இரண்டாவது கட்சிக்குச் சாதகம்.

கடைசிக் காட்சியில் ஒரு பெயர்

அந்தப் பாட்டுக்கு முன்னால் ஆலி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடம் தனியாகப் பார்க்க வேண்டியது. 1937-லும் 1954-லும், தனக்கென்று பெரிய பெயர் எடுத்த நடிகை, கணவன் செத்த பிறகு மைக் முன்னால் நின்று "நான் திருமதி நார்மன் மெய்ன்" என்கிறாள். அவள் பெயரே அதில் கிடையாது. அந்தக் காலத்தில் தியேட்டரே அழுத இடம் அது.

2018-ல் அதுவரை வெறும் ஆலியாக மேடையேறியவள், "ஆலி மெய்ன்" என்று சொல்லிக்கொள்கிறாள். கணவன் பெயரை அவளே விரும்பிச் சூடிக்கொள்கிறாள் என்று நெகிழ்ந்தவர்கள் உண்டு. கடைசியில் அவனுடைய வால்தானா என்று எரிச்சலானவர்களும் உண்டு. கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் அப்பா இனிஷியலைக் கணவன் இனிஷியலாக மாற்றுவதா வேண்டாமா என்று பேச்சு ஓடும் வீடுகளில் இந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை.

1976 படத்தில் ஸ்ட்ரைசாண்டை மேடைக்கு அழைக்கும்போது "எஸ்தர் ஹாஃப்மன் ஹோவர்ட்" என்றார்கள். ஹாஃப்மன் அவளுடையது, ஹோவர்ட் அவனுடையது. 2018 படத்துக்கு நாற்பத்திரண்டு வருடம் முன்னால் வந்த படத்தில் அவளுக்கு ஒரு பெயர் கூடுதலாகவே இருந்தது.